செக் மொழியில் ‘கொஞ்சம்’ கேட்பது எப்படி

மொரிசியஸில் ஃபிளிக்-ஆன்-ஃபிளாக் பக்கம் ஒரு சின்னத் தங்கும் விடுதியில் காலைச் சாப்பாட்டைப் பார்த்துக்கொள்வது என் வேலை. செக் நாட்டுக்காரர்கள் அவ்வப்போது வருவார்கள். நாலு வார்த்தை பேசலாமே என்று அகராதியைப் புரட்டி, ‘கொஞ்சம்’ என்றால் ‘மாலொ’ என்று எழுதி வைத்துக்கொண்டேன். ஒருநாள் காபிக் குடுவையோடு ஒரு வயதான தம்பதியிடம் போய், “மாமெ மாலொ காவி” என்றேன். ‘கொஞ்சம் காபி இருக்கு, ஊத்தட்டுமா?’ என்று கேட்டதாக என் நினைப்பு. அந்த அம்மா சட்டென்று கோப்பையைக் கையால் மூடிக்கொண்டு, வேண்டாம், மற்றவர்களுக்குக் கொடுங்கள் என்று சைகை காட்டினார். நான் சொன்னது, ‘எங்களிடம் காபி போதாது’!

அதனால் முதல் பாடம் இதுதான். ‘மாலொ’ என்றால் குறைவு, பற்றாது. ‘த்ரொஹு’ என்றால் கொஞ்சம், ஆனால் இருக்கிறது. “மாம் த்ரொஹு சஸு” என்றால் நேரம் கொஞ்சம் இருக்கு, உட்காருங்க. “மாம் மாலொ சஸு” என்றால் நேரம் கம்மி, நான் கிளம்பணும். தமிழில் ‘கொஞ்சம் இருக்கு’, ‘கொஞ்சம்தான் இருக்கு’ என்று ஒரு ‘தான்’ போட்டுச் சமாளிக்கிறோம். அவர்கள் சொல்லையே மாற்றிவிடுகிறார்கள். குறில் நெடிலில் கவனமாக இருங்கள், மாலொவில் ‘மா’ நெடில்தான். அழுத்தம் எப்போதும் முதல் அசையில். இந்த இரண்டும் நமக்குப் பெரிய கஷ்டமில்லை.

த்ரொஹுவை இன்னும் குறைக்க வேண்டுமா? ‘த்ரொஷ்கு’. அதையும் குறைத்தால் ‘த்ரொஷிச்கு’. ஊற்றும்போது கையை உயர்த்தி “யென் த்ரொஷிச்கு” என்றால் ‘துளியூண்டு போதும்’ என்று பொருள். ‘கப்கு’ என்றால் ஒரு சொட்டு, ஆனால் ‘இது ஒரு சொட்டு விலை அதிகம்’ என்பது மாதிரியும் பயன்படுத்துவார்கள். உப்புக்கு ‘ஷ்பெத்க’, ஒரு சிட்டிகை. ரொட்டிக்கு ‘கொவ்ஸெக்’, ஒரு துண்டு.

இனிமேல்தான் ஆரம்பப் படிப்பாளிகள் தடுமாறும் இடம். ‘கொஞ்சம் சர்க்கரை’ என்னும்போது தமிழில் சர்க்கரை அப்படியே நிற்கும். செக்கில் அளவுச் சொல் வந்தவுடன் பின்னால் வரும் பொருளின் வால் மாறிவிடும், ஏனென்றால் அவர்கள் சொல்வது ‘சர்க்கரையில் கொஞ்சம்’ என்பது போல. சர்க்கரை ‘ட்ஸுக்ர்’, கொஞ்சம் சர்க்கரை ‘த்ரொஹு ட்ஸுக்ரு’. தண்ணீர் ‘வொத’, கொஞ்சம் தண்ணீர் ‘த்ரொஹு வொதி’. பால் ‘ம்லேகொ’, கொஞ்சம் பால் ‘த்ரொஹு ம்லேக’. மெய்யில் முடிந்தால் பெரும்பாலும் ‘உ’ சேரும், ‘அ’வில் முடிந்தால் ‘இ’ ஆகும், ‘ஒ’வில் முடிந்தால் ‘அ’ ஆகும். பாலாடைக்கட்டி ‘ஸீர்’ மட்டும் ‘ஸீர’ என்று வேறு வழியில் போகும், தேநீர் ‘சாய்’ போய் ‘சாயெ’ ஆகும், அதையெல்லாம் போகப்போகப் பார்த்துக்கொள்ளலாம். அவர்களுக்கு மொத்தம் ஏழு வேற்றுமை, இது அவர்கள் கணக்கில் இரண்டாவது. 1927இல் செக் தலைநகர் பிராகாவில் பிறந்த கமில் சுவெலபில் நம்முடைய எட்டையும் படித்துத் தமிழறிஞராகவே ஆகிவிட்டார், நாம் ஏழில் ஒன்றுக்குப் பயப்படுவதா?

‘பார்’ என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும், குறிப்பாக நம் ஊரில் இருப்பவர்கள். இங்கே கடையில் மொரிசியஸ் பேச்சுமொழியான கிரியோலில் ‘என் பேர்’, அதாவது ‘ஒரு ஜோடி’ தால் பூரி என்றால் கறாராக இரண்டு. செக் ‘பார்’ கூட ஜோடிதான், காலணிக்குச் சொன்னால். ஆனால் “பார் மினுத்” என்றால் ‘ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்’ என்று நாம் சொல்வது போலத்தான், கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். பீர் குடிக்க “ந யெத்னொ” போகலாம் என்று கூப்பிடுவார்கள். ‘ஒன்றுக்கு’ என்று அர்த்தம். அது ஒன்றோடு நின்று நான் பார்த்ததில்லை.

அப்புறம், அளவே இல்லாத சின்னது ஒன்று உண்டு. காபிக்குப் பேச்சு வழக்கில் ‘கஃபெ’. அதைச் சின்னதாக்கினால் ‘கஃபீச்கொ’. குட்டிக் கோப்பை என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். “ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்க” என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, யாராவது ஒரு வாயோடு எழுந்து போக விட்டிருக்கிறோமா? அதே அன்புதான் இந்த வாலில் இருக்கிறது. பிவொ என்ற பீர் ‘பிஃப்கொ’ ஆகும், சாய் ‘சாயீசெக்’ ஆகும், ‘கொஞ்ச நேரம்’ என்பது ‘ஹ்விலிச்கு’ வரை குட்டியாகும். கிரியோலில் ‘தி’ முன்னால் ஒட்டுகிறது, தி லகாஸ் என்றால் குட்டி வீடு. செக்கில் அது பின்னால் ஒட்டும். ஆண்பால் சொல்லுக்கு ‘எக்’, பெண்பாலுக்கு ‘க’, இரண்டும் அல்லாததற்கு ‘கொ’ என்பது பொதுவான போக்கு. என் யோசனை: கேட்டால் புரிகிற அளவுக்கு நிறையத் தெரிந்துகொள்ளுங்கள், வாயில் மூன்று நான்குக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். வார்த்தைக்கு வார்த்தை வால் ஒட்டினால் குழந்தையைக் கொஞ்சுகிற மாதிரி ஆகிவிடும்.

உண்மையாகவே சின்னக் கோப்பை பீர் வேண்டுமென்றால் “மலே பிவொ” என்று கேளுங்கள். பிராகாவில் அது வழக்கமாக 0.3 லிட்டர், பெரியது 0.5. கடையில் இறைச்சி, பாலாடைக்கட்டி எல்லாம் ‘தெக’ கணக்கு, ஒரு தெக 10 கிராம். “தெஸெத் தெக” என்றால் 100 கிராம்.

இனி அடக்கம். “அருமையா செக் பேசறீங்களே” என்று யாராவது சொன்னால் “அலெ நெ, யென் த்ரொஹு” போதும்; ‘அட, அதெல்லாம் இல்லைங்க, ஏதோ கொஞ்சம்’ என்பதன் நேர் சகோதரன். நன்றி சொன்னால் “நெஞீ ஸச்”, ‘நன்றி சொல்லும்படி ஒன்றுமில்லை’. தன்னையே குறிக்க “மொயெ மலிச்கொஸ்த்” என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘என் சிறுமை’, ஏறக்குறைய நம் ‘அடியேன்’. ஆனால் அது சிரித்துக்கொண்டு சொல்வது, வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது வேண்டாம். பாராட்டிலும் இதே சிக்கனம்தான். எங்கள் மேசையில் ஒருவர் நாலு தால் பூரியை உள்ளே தள்ளிவிட்டு “நெஞீ தொ ஷ்பத்னே”, ‘மோசமில்லை’ என்றார். எனக்கு முகம் வாடிவிட்டது, அது நல்ல பாராட்டு என்று பிறகுதான் புரிந்தது. “உய்தெ தொ” என்றால்தான் ‘ஏதோ பரவாயில்லை’, “ஞிட்ஸ் மொட்ஸ்”, ‘அப்படியொன்றும் நன்றாக இல்லை’ என்றால் சமையலறைக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டியதுதான்.

அந்தக் காபி அம்மா கிளம்பும் நாளில் ஒரு பெரிய வட்ட டப்பாவை நீட்டினார். உள்ளே தட்டு அளவுக்கு மெல்லிய வேஃபர்கள், கார்லோவி வாரி என்ற செக் ஊரில் செய்வது. “தொ யெ யென் மலிச்கொஸ்த்” என்றார். ‘ஏதோ எங்களால முடிஞ்சது’. நானும் விடவில்லை, குடுவையை எடுத்துக்கொண்டு, “தாதெ ஸி கஃபீச்கொ?” என்றேன். இந்தத் தடவை கோப்பையை மூடவில்லை.