அன்றன்றைய தேவைக்காக ஜெபிப்பது எப்படி

கையில் பணம் குறைந்து, கொடுக்கவேண்டிய நாளும் நெருங்கிவிட்ட நேரத்தில் முழங்காலில் நிற்கிற பலருக்கு ஜெபம் வருவதில்லை, கணக்குத்தான் வருகிறது. எவ்வளவு வரவேண்டும், எவ்வளவு போகவேண்டும், யாரிடம் கேட்கலாம் என்று மனம் சுற்றிச் சுற்றி அலைய, இப்படி விசுவாசமில்லாமல் ஜெபிக்கிறோமே என்ற குற்ற உணர்வும் கூடச் சேர்ந்துகொள்கிறது. அந்தக் குற்ற உணர்வை முதலில் இறக்கி வையுங்கள். ஜெபிக்கத் தொடங்குமுன்பே திடமான நம்பிக்கை நெஞ்சில் நிறைந்திருக்கவேண்டும் என்று ஆண்டவர் நிபந்தனை விதிக்கவில்லை. ஒரு நாளுக்கு உரியதை அந்த நாளில் கேட்டு, பெற்றுக்கொண்டதை மறவாமல் வைத்திருக்கிற பழக்கத்தில்தான் நம்பிக்கை வளர்கிறது என்பதே என் அனுபவம்.

தொடங்குவதற்கு இயேசு கற்றுக்கொடுத்த வரிசையே போதுமானது. மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில், ஆகாரத்தைக் கேட்பதற்கு முன்னே பிதாவின் நாமத்துக்காகவும், அவருடைய ராஜ்யத்துக்காகவும், அவருடைய சித்தத்துக்காகவும் மூன்று விண்ணப்பங்கள் வருகின்றன. இவற்றை அவசரமாகச் சொல்லிக் கடந்துவிடாமல், ஒவ்வொன்றிலும் சற்றே தங்கியிருங்கள். தேவை அதனால் சிறிதாகிவிடாது. ஆனால் யாரிடம் பேசுகிறோம் என்பது மனதுக்குத் தெளிவாகும். நாம் கேட்பதற்கு முன்னமே நமக்கு இன்னது தேவை என்று பிதா அறிந்திருக்கிறார் என்று அதே அதிகாரத்தின் 8-ஆம் வசனம் சொல்லுகிறது. அப்படியானால் ஏன் கேட்கவேண்டும் என்று சிலர் தயங்குவார்கள். ஆனால் அதைச் சொன்ன கையோடு, "நீங்கள் ஜெபம்பண்ணவேண்டிய விதமாவது" என்று இயேசு கேட்கவே கற்றுக்கொடுக்கிறார். பிள்ளையின் பசியை அறிந்த தகப்பனும், பிள்ளை வாய்திறந்து தன்னிடம் பேசுவதை விரும்புகிறான் அல்லவா?

அடுத்ததாக, தேவையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். "ஆசீர்வதியும் ஆண்டவரே" என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திவிட்டால், பதில் வந்தாலும் அது பதில் என்று நமக்குத் தெரியாமல் போய்விடும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு, என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும், எந்த நாளுக்குள், யாருக்காக என்று எழுதுங்கள். எழுதும்போது தேவை எது, ஆசை எது என்பது பெரும்பாலும் தானாகவே பிரிந்துவிடும். ஆசையைச் சொல்வது பாவமல்ல, ஆனால் அதை ஆசை என்றே சொல்லுங்கள். நீதிமொழிகள் 30-ஆம் அதிகாரத்தில் ஆகூர் தரித்திரத்தையும் ஐசுவரியத்தையும் வேண்டாமென்று சொல்லி, தன் படியை அளந்து தரும்படி மட்டும் கேட்கிறான். வேதத்தில் இதைவிட நேர்மையான பணஜெபத்தை நான் கண்டதில்லை.

படி அளந்து தருவது என்றால் என்ன என்பதை யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தில், வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து கிடைத்த ஆகாரமாகிய மன்னா விளக்குகிறது. தலைக்கு ஒரு ஓமர் என்று அளவு குறிக்கப்பட்டிருந்தது; மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மீதியானதுமில்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைவானதுமில்லை. பயத்தினால் மறுநாளுக்கென்று பதுக்கியது புழுத்து நாறியது. ஓய்வுநாளுக்கு முந்திய நாளில் மட்டும் இரண்டு பங்கு கிடைத்தது, அது கெடவுமில்லை. இந்தப் பாடம் 40 வருஷம் நடந்தது. "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்ற விண்ணப்பத்திலுள்ள "இன்று" என்ற சொல்லை நான் இந்த வெளிச்சத்தில்தான் வாசிக்கிறேன். தீர்க்கப் பல வருஷங்கள் ஆகும் கடன் இருந்தால், முழுத் தொகையையும் ஒவ்வொரு இரவும் மனதில் சுமந்துகொண்டு ஜெபிக்கவேண்டாம். இந்த மாதத் தவணையையும், இன்றைய வேலைக்கான பெலனையும், கடன் கொடுத்தவரோடு உண்மையாகப் பேசும் தைரியத்தையும் கேளுங்கள்.

மன்னா இஸ்ரவேலர் தங்கியிருந்த பாளயத்தைச் சுற்றிலும் விழுந்தது. வெயில் ஏறினால் உருகிப்போகும் என்பதால் காலையிலேயே போய்ச் சேர்க்கவேண்டியிருந்தது. ஆகவே ஜெபித்து எழுந்தவுடன் செய்யக்கூடிய ஒரு காரியத்தையாவது செய்யுங்கள்: விண்ணப்பம் அனுப்புவது, செலவைக் குறைப்பது, ஒருவரைச் சந்திப்பது. எருசலேமின் அலங்கத்தைக் கட்ட விரும்பிய நெகேமியா ஜெபித்தபின் ராஜாவிடம் மரத்துக்காகக் கடிதமும் கேட்டான். வேலைசெய்ய மனதில்லாதவன் சாப்பிடவும்கூடாது என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய கடுமையான வார்த்தையை, வேலை கிடைக்காமல் தவிக்கிறவர்மேலோ நோயாளியின்மேலோ ஒருபோதும் வீசாதீர்கள்.

பேரம் பேசுவதையும் தவிருங்கள். இவ்வளவு காணிக்கை கொடுத்தால் இத்தனை மடங்கு திரும்ப வரும் என்று யார் சொன்னாலும், பிள்ளைகளின் ஆகாரத்துக்கான பணத்தை எடுத்துக் கொடுக்காதீர்கள். காணிக்கை நன்றியின் அடையாளம், விலை அல்ல. பஞ்சகாலத்தில் எலியா தீர்க்கதரிசியைப் போஷித்த சாறிபாத் ஊர் விதவையின் பானை நிரம்பி வழிந்ததாக வேதம் சொல்லவில்லை. மா செலவழிந்துபோகவில்லை என்றுதான் சொல்லுகிறது. அந்த வீட்டாருக்கு அது போதுமானதாயிருந்தது.

பதில் வந்த நாளையும் அதே நோட்டுப் புத்தகத்தில் குறியுங்கள். பிரிஸ்டலில் 1836-இல் அநாதைப் பிள்ளைகளுக்கென்று வீடு திறந்த ஜார்ஜ் முல்லர் இப்படி எழுதிவைத்தவர். தம் வாழ்நாளில் 10,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பராமரித்த அவர், தேவைகளை மனிதரிடம் சொல்லாமல் தேவனிடம் மாத்திரம் சொல்வதென்று தீர்மானித்திருந்தார். அது அவருக்குக் கொடுக்கப்பட்ட வழி, எல்லாருக்கும் சட்டமல்ல. சிறையிலிருந்த பவுலுக்கு உதவி எப்பாப்பிரோதீத்துவின் கையில் வந்தது. அதை அவர் வெட்கப்படாமல் வாங்கி, நன்றியோடு கடிதம் எழுதினார். இயேசு கற்றுக்கொடுத்ததும் "எனக்கு" என்றல்ல, "எங்களுக்கு" என்றுதான். எனவே நம்பிக்கைக்குரிய ஒருவரிடமோ போதகரிடமோ உங்கள் நிலையைச் சொல்வது அவிசுவாசமாகாது. அப்படியே, ஜெபிக்கும்போது வேறொருவருடைய குறைவு உங்கள் நினைவுக்கு வந்தால், அவருடைய விண்ணப்பத்துக்கான பதில் உங்கள் கையில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேட்டது வராத நாட்களும் உண்டு. எலியா தண்ணீர் குடித்துவந்த கேரீத் ஆறே வற்றிப்போயிற்று. அதன் பின்புதான் சாறிபாத்துக்குப் போகும்படி வார்த்தை வந்தது. பவுல் மூன்றுதரம் வேண்டிக்கொண்டும், தம் மாம்சத்தில் குத்தும் முள் என்று அவர் சொன்ன உபத்திரவம் நீங்கவில்லை. பசியையும் தாகத்தையும் அனுபவித்ததாக அவரே எழுதுகிறார். ஆகையால் வறுமையில் இருப்பவரிடம் உங்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்லாதீர்கள், உங்களுக்கே அதைச் சொல்லிக்கொள்ளவும் வேண்டாம். "எதுவரைக்கும் கர்த்தாவே" என்று சங்கீதக்காரன் கேட்டதுபோல நீங்களும் கேட்கலாம்; அதுவும் ஜெபமே. அப்படிப்பட்ட இரவில், கேட்டதையும் வராததையும் உள்ளபடியே எழுதி, அன்று கிடைத்த ஒன்றுக்காவது ஸ்தோத்திரம் சொல்லி, "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" என்ற வசனத்தோடு நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு உறங்கச் செல்லுங்கள். காலையில் புதிய தேதியிட்டு, அந்த நாளுக்கு வேண்டியதை மறுபடியும் கேளுங்கள்.