காம்புட் காட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போவது எப்படி

மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கிற எங்கள் ஊர் பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள். என் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. இங்கே தோட்டத்து நர்சரியில் இருபத்தாறு வருஷம் செம்பனைக் கன்றுக்குப் பொலிபேக், அதாவது கன்று வளர்க்கும் பிளாஸ்டிக் பை, நிரப்பினேன். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த மறு மாதமே தமிழ்ப்பள்ளி டீச்சர் வந்து நின்றார். “அக்கா, பிள்ளைங்கள காட்டுல மரம் நடக் கூட்டிப்போறோம். எங்கள்ல ஒருத்தருக்கும் கன்னு புடிக்கத் தெரியாது, நீங்களும் வாங்களேன்.” அன்றிலிருந்து போய் வருகிறேன். உங்கள் பள்ளியோ கோயில் இளைஞர் குழுவோ கிளம்புவதாக இருந்தால், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் எந்தக் காட்டுக்குப் போகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருப்பது ராஜா மூசா வனக்காப்பு. சுமார் 81,000 ஹெக்டர் பரப்புள்ள வட சிலாங்கூர் சதுப்புக் காட்டில் அது ஒரு பகுதி. அங்கே இருக்கும் மண்ணை மலாயில் காம்புட் என்பார்கள். தண்ணீரிலேயே ஊறிக் கிடப்பதால் இலையும் கட்டையும் முழுக்க மக்காமல் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்தது அது. வருஷத்துக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் ஏறும். தண்ணீர் கறுப்புத் தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். பிள்ளைகள் பார்த்ததும் “சீ, அழுக்கு” என்பார்கள். அந்தத் தண்ணீரில் பெட்டா லிவிடா என்ற சிறு சண்டை மீன் வாழ்கிறது. வட சிலாங்கூரை விட்டால் உலகத்தில் வேறெங்கும் அது கிடையாது. இதைச் சொன்னால் பிள்ளைகள் குனிந்து தேட ஆரம்பிப்பார்கள்.

மரம் இழுக்கவும் விவசாயத்துக்கும் வெட்டிய பாரிட், அதாவது வாய்க்கால், வழியாகத் தண்ணீர் வடிந்துவிட்டால் காம்புட் காய்ந்துவிடும். காய்ந்தால் அடுப்புக்கரி மாதிரிதான். மேலே அணைந்தது போலத் தெரியும், அடியில் நாள்கணக்கில் புகையும். வீட்டு ஜன்னலைச் சாத்தவைக்கும் புகைமூட்டத்தில் இந்தப் புகையும் உண்டு. அதனால்தான் மரம் நடுவதற்கு முன்னால் பாரிட்டை அடைத்துத் தண்ணீரைத் தேக்குகிறார்கள். என் அப்பா தோட்டத்தில் பாரிட் வெட்டியவர். இருந்திருந்தால், “நான் வெட்டுனத மூடவா உன்னப் பெத்தேன்?” என்று கேட்டிருப்பார்.

யாரைக் கேட்பது? பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் குளோபல் என்விரான்மென்ட் சென்டர், வனத்துறையோடு சேர்ந்து ராஜா மூசாவில் தொண்டர்களை வைத்துக் காட்டை மீட்டு வருகிறது. உள்ளூர்க் கம்போங் (மலாய்க் கிராமம்) மக்களின் குழுவும் கூடவே வேலை செய்கிறது. குறைந்தது இரண்டு மாதம் முன்னால் கடிதம் கொடுங்கள். வனத்துறை அனுமதி இல்லாமல், “நம்ம ஊர்க் காடுதானே” என்று நாலு காரில் நுழைய வேண்டாம். பள்ளியில் தலைமையாசிரியர் கையெழுத்து, பெற்றோர் சம்மதக் கடிதம், பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு ஒரு வார்த்தை. நாலாம் ஆண்டுக்குக் கீழே உள்ளவர்களைக் கூட்டிப்போகாதீர்கள். எட்டுப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் வேண்டும். பெரியவர் என்றால் வெயிலில் நிற்கிறவர், வேனில் உட்கார்ந்து போன் பார்க்கிறவர் இல்லை.

போவதற்கு முந்தின வாரம் வகுப்பில் ஒரு சோதனை செய்யுங்கள். பாத்திரம் தேய்க்கும் ஸ்பான்ஜ் இரண்டு. ஒன்றை நனைத்து வையுங்கள், ஒன்றை வெயிலில் காயவையுங்கள். இரண்டின் மேலும் ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றச் சொல்லுங்கள். காய்ந்தது முதலில் தண்ணீரை வாங்காமல் வழியவிடும். காய்ந்த காம்புட்டும் அப்படித்தான், ஒரு மழையில் பழைய நிலைக்கு வராது. கரும்பலகையில் ஒரு மணி நேரம் எழுதினாலும் ஏறாதது இதில் ஏறும்.

உடுப்பு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முழுக்கை, முழுக்கால், பூட்ஸ். காலில் புண் இருக்கிற பிள்ளையைத் தண்ணீரில் இறக்காதீர்கள், எலி மூத்திரத்தால் வரும் காய்ச்சல் பொல்லாதது. காலை ஏழரைக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டுக்குள் முடியுங்கள். மத்தியானத்துக்கு மேல் இடி இறங்கும்.

இனி நடுவது. முதல் தடவை நான் தோட்டத்துப் புத்தியில் குழியை ஆழமாக வெட்டி, வீட்டிலிருந்து கொண்டுபோன உரத்தையும் போட்டேன். லாலான் என்கிற களைப்புல்தான் செழித்தது. இரண்டு மாதத்தில் என் கன்று எங்கே என்று எனக்கே தெரியவில்லை. காம்புட்டில் குழி, பொலிபேக் அளவுக்கு இருந்தால் போதும். பையைக் கீறி, மண்கட்டி உடையாமல் இரண்டு கையாலும் இறக்குங்கள். தண்டைப் பிடித்துத் தூக்கினால் வேர் அறும். சுற்றிலும் காலால் நன்றாக மிதியுங்கள், அந்த மண் பஞ்சு மாதிரி, மிதிக்காவிட்டால் கன்று சாய்ந்துவிடும். பக்கத்தில் ஒரு குச்சி, குச்சியில் எண். கிழித்த பைகளை எண்ணிச் சாக்கில் போடுங்கள். நாற்பது கன்று இறக்கினால் நாற்பது பை திரும்ப வர வேண்டும்.

என்ன கன்று என்பதையும் கேளுங்கள். வெட்டவெளியில் முதலில் மஹாங், தெங்கெக் புரோங் மாதிரி வெயில் தாங்குகிற மரங்கள்தான் பிடிக்கும். நிழல் வந்த பிறகுதான் மெரந்தி மாதிரி பெரிய மரங்கள். எங்கள் வீட்டில் முதலில் லயத்து வாசலில் முருங்கை, அப்புறம்தான் மற்றதெல்லாம். அதே கணக்கு.

நடுவதை எல்லாரும் செய்கிறார்கள். ஒருமுறை இரண்டு பஸ் நிறைய ஆட்கள் வந்தார்கள். ஒரே மாதிரி சட்டை, பேனர், மைக். பதினொரு மணிக்குப் படம் பிடித்துவிட்டுச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள். பாதிக் கன்று பையோடு நின்றது. அன்றைக்கு மத்தியானம் நானும் இரண்டு கம்போங் பெண்களும்தான் பை கிழித்தோம். அதனால் என்னைக் கேட்டால், நூறு கன்று நட ஒரு நாள் வருவதைவிட, இருபது கன்று நட்டு நாலு தடவை வாருங்கள். மற்ற மூன்று தடவையும் வேலை லாலான் வெட்டுவதும், கன்றைச் சுற்றி வட்டம் செதுக்குவதும்தான். தோட்டத்து ஆட்களுக்கு இது தண்ணி பட்ட பாடு. ஆனால் பாராங் கத்தி பெரியவர்கள் கையில்தான், பிள்ளைகள் கையில் வேண்டாம்.

பிள்ளைகளுக்குத் தண்ணீர் அளக்கும் வேலையைக் கொடுங்கள். ஓட்டை போட்ட பி.வி.சி. குழாய் மண்ணில் இறங்கியிருக்கும். உள்ளே குச்சியை விட்டு, நனைந்த இடத்துக்கு மேல் மண்மட்டம் வரை எத்தனை சென்டிமீட்டர் என்று எழுத வேண்டும். எண் பெரிதானால் காடு காய்கிறது. புகை கண்டால் கிட்டே போகாதீர்கள், அடியில் எரிந்து குழியான இடத்தில் கால் வைத்தால் உள்ளே இறங்கிவிடும். வெளியே வந்து 999 அழையுங்கள்.

சேறு ஒத்துவராத குழுவென்றால் கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவுக்குப் போகலாம். 1940இல் தொடங்கிய மலேசிய இயற்கைச் சங்கம் பல வருஷம் நடத்திவந்த பூங்கா அது, அலையாத்திக் காட்டைப் பலகைப் பாதையில் நின்றே பார்க்கலாம். காலில் பலமுள்ள பெரியவர்களுக்குப் பகாங் சுங்கை யூ. தாமான் நெகாரா தேசியப் பூங்காவுக்கும் தீபகற்பத்தின் நடுமலைத் தொடருக்கும் நடுவில் புலி கடக்கும் வழி அது. தொண்டர்கள் 2010 முதல் அங்கே நடந்து கண்ணிக் கம்பி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இந்த நாட்டுக் காட்டில் 150 புலிகூட மிச்சமில்லை.

பள்ளிக்குத் திரும்பியதும் அறிக்கை கேட்பார்கள். படத்தோடு பிள்ளைகளின் நோட்டுப் பக்கத்தையும் அப்படியே ஒட்டுங்கள். போன தடவை ஐந்தாம் ஆண்டுப் பெண் எழுதியது: “எண் 14 செத்துப்போச்சு. எண் 15 செத்துப்போச்சு. எண் 16 என் இடுப்பு வரைக்கும் இருக்கு. எண் 17 குச்சி மட்டும் இருக்கு.” டீச்சர் முதல் இரண்டு வரியை அழிக்கச் சொன்னார். நான் விடவில்லை.