சிறுகதையை உற்று வாசித்து எழுதுவது எப்படி: ‘பொன்னகரம்’ வைத்து ஒரு பயிற்சி

கதையைப் பற்றி எழுதச் சொன்னால் பலர் கதையையே திரும்பச் சொல்லிவிட்டு, ‘வறுமையின் கொடுமையை ஆசிரியர் அழகாகச் சித்திரித்துள்ளார்’ என்று முடித்துவிடுகிறார்கள். அந்த வரி நூறு கதைகளுக்குப் பொருந்தும். கையில் இருக்கும் கதைக்கு மட்டும் பொருந்துகிற வரியைத் தேடுவதுதான் உற்று வாசிப்பு.

பயிற்சிக்கு நான்கைந்து பக்கத்தைத் தாண்டாத கதை போதும். 1934இல் மணிக்கொடி இதழில் வந்த புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ இதற்குத் தோதானது. மில் கூலியான அம்மாளு, அடிபட்டுக் கிடக்கும் புருஷனின் பால் கஞ்சிக்காக இரவில் ஒருவனோடு இருளுக்குள் போவதுதான் கதை. ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வாதாடப் போவதால் கையில் இருக்கும் படி மூலத்தோடு ஒத்திருக்க வேண்டும். இணையப் படிகளில் நிறுத்தக்குறிகள் மாறியிருக்கலாம். ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த தொகுப்போடு (காலச்சுவடு, 2000) ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

முதல் முறை பென்சில் இல்லாமல் ஒரே மூச்சில் படியுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு, எந்த இடத்தில் உறுத்தியது என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். அந்த உறுத்தல்தான் பின்னால் கட்டுரையாகும். அதை எழுதி வைக்காவிட்டால் இரண்டாம் வாசிப்பில் மறந்துபோகும்.

இரண்டாம் முறை பென்சிலோடு. பத்தி பத்தியாக அடிக்கோடு போடாதீர்கள். எல்லாம் முக்கியம் என்றால் எதுவும் கண்ணில் படாது. பக்கத்துக்கு ஐந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். கணக்குகளைக் குறியுங்கள்: அம்மாளுவின் குடும்பத்தில் ஐந்து ‘நபர்’ என்று கதை எண்ணுகிறது, அதில் ஒன்று குதிரை. யாருக்குப் பெயர் உண்டு, யாருக்கு இல்லை என்று பாருங்கள். சந்தில் நிற்பவன் வெறும் ‘ஒருவன்’. காலம் எங்கே மாறுகிறது என்றும் பாருங்கள். இருவரும் இருளில் ‘மறைகிறார்கள்’. அடுத்த வாக்கியத்தில் அவள் முக்கால் ரூபாய் ‘சம்பாதித்து விட்டாள்’. நடந்தது இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே, எழுதப்படாத இடத்தில் இருக்கிறது.

மூன்றாம் முறை வாய்விட்டுப் படியுங்கள். தமிழில் இதைத் தவிர்க்கவே கூடாது. நம் மொழியில் தொனி பெரும்பாலும் சொல்லின் வாலில் இருக்கிறது: ஏ, தான், உம், ஆவது. கண் இவற்றைத் தாண்டிப் போய்விடும், காது விடாது. ‘புருஷனுக்குப் பால் கஞ்சி வார்க்கத்தான்’ என்பதில் அந்த ‘தானை’ எடுத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள். வெறும் தகவலாகிவிடுகிறது.

இப்படி எடுத்துப் பார்ப்பதும் மாற்றிப் போட்டுப் பார்ப்பதும்தான் நமக்கு இருக்கும் உரைகல். ஒரு சொல்லை நீக்கியோ அதற்கு நெருங்கிய இன்னொன்றைப் போட்டோ படியுங்கள். ஒன்றும் மாறவில்லை என்றால் அந்தக் குறிப்பை விட்டுவிடலாம். மாறினால், என்ன மாறியது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அதுவே உங்கள் கருத்து.

இனி எழுத்து. 500 சொல் கட்டுரைக்கு ஒரே கருத்து போதும். கதைச்சுருக்கம் 80 சொல்லைத் தாண்ட வேண்டாம். மேற்கோள் ஒவ்வொன்றும் பத்துச் சொல்லுக்குள் இருக்கட்டும். நீண்ட மேற்கோளைக் கொடுத்தால் அதில் எந்தச் சொல்லைச் சுட்டுகிறீர்கள் என்று வாசகருக்குத் தெரியாது. மேற்கோள் ஒரு வரி என்றால் அதைப் பற்றிய விளக்கம் குறைந்தது மூன்று வரி. மாதிரிக்கு ஒரு பத்தி:

‘பால் கஞ்சிக்கு முன்னால் கதைசொல்லி “ஆம்” என்கிறார். கதையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. வாசகர் மனதுக்குள் கேட்ட கேள்விக்கான பதில் அது. “கேட்டிருக்கிறீர்களா?” என்று விசாரித்துத் தொடங்கிய கதை, முடியும் இடத்தில் “கற்பு, கற்பு என்று கதைக்கிறீர்களே!” என்கிறது. அதே முன்னிலை, அதே மரியாதை விகுதி. தொடக்கத்தில் நம்மை உள்ளே அழைத்த விகுதி, முடிவில் நம்மைக் கூண்டில் ஏற்றுகிறது. விசாரிக்கப்படுவது அம்மாளு இல்லை.’

இதில் ‘கதைசொல்லி’ என்றிருப்பதைக் கவனியுங்கள். கதைக்குள் பேசும் குரலும் எழுதியவரும் ஒருவரே என்று எடுத்துக்கொண்டால் கட்டுரை வாழ்க்கை வரலாற்றுக்கு நழுவிவிடும். ‘ஆசிரியர் சொல்ல வருவது’ என்று எழுத வந்தாலே நின்றுவிடுங்கள். அந்த இடத்தில் ஒரு சொல்லையோ வாக்கியத்தையோ எழுவாயாக வையுங்கள். ‘யதார்த்தமான’, ‘நெஞ்சைத் தொடும்’ போன்றவையும் சான்று இல்லாத இடத்தை மூடுவதற்கே பெரும்பாலும் வருகின்றன.

உங்கள் கருத்துக்கு இடிக்கிற வரி ஒன்றும் கதையில் இருக்கும். அதைத் தேடி எடுத்துக் கட்டுரையிலேயே எதிர்கொள்ளுங்கள். ‘பொன்னகர’த்தின் தொடக்கம் பூர்வ புண்ணியத்தைப் பற்றிப் பொதுவாகப் பேசுகிறது. குற்றம் வாசகர்மேல் என்பவர் அந்தப் பேச்சுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

முடித்த மறுநாள், கட்டுரையில் கதையின் பெயர் வரும் இடங்களிலெல்லாம் வேறொரு கதையின் பெயரைப் போட்டுப் படியுங்கள். அப்போதும் பொருந்துகிற வாக்கியங்களை வெட்டிவிடுங்கள்.