நிறுவனங்களின் பெண் பணியாளர் கணக்கைப் படிப்பது எப்படி?

"எங்கள் பணியாளர்களில் 30 சதவீதம் பெண்கள்" என்று ஒரு பெரிய நிறுவனம் அறிவித்ததும் பாராட்டும் வசையும் சேர்ந்தே கிளம்பும். அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எந்தப் பக்கமும் வாதாட முடியாது.

முதலில் எண்ணைப் பிரித்துப் பாருங்கள். 2014-இல் கூகுள் முதன்முறையாக இந்தக் கணக்கை வெளியிட்டபோது மொத்தத்தில் பெண்கள் 30 சதவீதம். தொழில்நுட்பப் பணிகளில் 17 மட்டுமே. ஆகவே துறைவாரியாகவும் பதவிவாரியாகவும் கேளுங்கள். சதவீதத்தோடு தலைக்கணக்கும் வேண்டும்: 10 பேர் குழுவில் ஒரு பெண் போய் ஓர் ஆண் வந்தாலே பெண்களின் பங்கு 10 சதவீதப் புள்ளி சரியும். துப்புரவு, காவல் போன்ற ஒப்பந்தப் பணியாளர்களைச் சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

ஆண்-பெண் சம்பள இடைவெளியை அவசரப்பட்டுப் படிக்காதீர்கள். பிரிட்டனில் 250 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள் 2017 முதல் அதை வெளியிட வேண்டும். ஆனால் அது எல்லா ஆண்களின் சம்பளத்தையும் எல்லாப் பெண்களின் சம்பளத்தையும் ஒப்பிடும் கணக்கு. ஒரே வேலைக்குக் குறைந்த சம்பளம் தருகிறார்களா என்பது தனிக் கேள்வி. ஒரே பதவியில் இருப்பவர்களை ஒப்பிட்டால்தான் அதற்குப் பதில் கிடைக்கும்.

அடுத்தது ஆளெடுப்பு. விண்ணப்பித்தவர்கள், நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவர்கள், தேர்வானவர்கள், சேர்ந்தவர்கள் என நான்கு கட்டத்திலும் பெண்களின் பங்கைக் கேளுங்கள். விண்ணப்பத்தில் 40 சதவீதமாக இருந்தது தேர்வில் 25 ஆகக் குறைந்தால், தேர்வு முறையைத் துருவ வேண்டும். விண்ணப்பத்திலேயே 25 என்றால், விளம்பரம் யாரைச் சென்றடைகிறது, என்ன தகுதி கேட்கிறது என்று பாருங்கள். இதையும் துறைவாரியாகவே செய்யுங்கள். 1973-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் 44 சதவீதத்தினருக்கும் பெண்களில் 35 சதவீதத்தினருக்கும் இடம் கிடைத்தது. துறை துறையாகப் பார்த்தபோது அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துபோனது. இடம் கிடைப்பது அரிதான துறைகளுக்கே பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள்.

வேலையை விட்டுப் போகிறவர்களின் கணக்கைத்தான் பலரும் கேட்காமல் விடுகிறார்கள். உண்மையில் அதுதான் முக்கியம். 10,000 பேரில் 2,000 பேர் பெண்கள் என்று வையுங்கள். ஆண்டுக்கு இருபாலரிலும் 10 சதவீதம் பேர் விலகுகிறார்கள். காலியாகும் இடங்களில் சரிபாதி பெண்களுக்குத் தரப்படுகிறது. முதல் ஆண்டு முடிவில் பெண்கள் 23 சதவீதம், ஐந்தாம் ஆண்டில் சுமார் 32. நியாயமாக ஆளெடுத்தும் மாற்றம் மெதுவாகத்தான் வரும். எனவே ஓராண்டு எண்ணைக் காட்டித் தோல்வி என்று சொல்வது தவறு.

இப்போது ஆண்கள் 10, பெண்கள் 15 சதவீதம் விலகுவதாக மாற்றிப் போடுங்கள். ஆண்டுதோறும் பாதிக்குப் பாதி எடுத்தாலும் பெண்களின் பங்கு 40 சதவீதத்தைத் தாண்டவே தாண்டாது. இங்கே குறை ஆளெடுப்பில் இல்லை. எந்தப் பதவியில், எத்தனையாவது ஆண்டில், பதவி உயர்வுக்கு முன்பா, மகப்பேறு விடுப்புக்குப் பிறகா பெண்கள் விலகுகிறார்கள் என்று குறைந்தது மூன்று ஆண்டுக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள்.