சோளத்தட்டில் தண்டுத் துளைப்பான்: எங்கே தவறுகிறோம்?

பல்லடம், காங்கேயம் பக்கம் மானாவாரிக் காட்டில் புதிதாகத் தட்டு (மாட்டுத் தீவனச் சோளம்) விதைக்கிறவர்கள், தண்டைத் துளைத்துத் தின்னும் தண்டுத் துளைப்பான் புழு விஷயத்தில், பழைய ஆட்கள் பட்டுத் தெரிந்துகொண்ட அதே தவறுகளைத் திரும்பச் செய்கிறார்கள். நல்ல விதை, நேரத்துக்குக் களை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே, அதை விட்டுவிடுகிறேன்.

குருத்து காய்ந்ததும் மருந்தடிப்பது

இதைப் பார்த்தால்தான் இன்னும் கோபம் வருகிறது. போன புரட்டாசியில் பக்கத்துக் காட்டுத் தம்பி, நடுக்குருத்து காய்ந்ததைப் பார்த்துவிட்டு டேங்க் டேங்காக அடித்தார். "ஒரு புழுகூடச் சாகலீங்கண்ணா" என்றார். ஒரு செடியைப் பிடுங்கித் தண்டை நீளவாக்கில் கிழித்துக் காட்டினேன். எச்சம் அடைத்த துளைக்குள் புள்ளி புள்ளியாகப் புழு நெளிந்தது. மருந்து அங்கே எப்படிப் போகும்?

இந்தப் புழுவின் தாய் அந்துப்பூச்சி இரவில் வந்து, இலையில் மீன் செதில் அடுக்கினாற்போல முட்டை வைக்கும். நாலைந்து நாளில் பொரிக்கும் குஞ்சுப் புழு உடனே தண்டைத் துளைக்காது. முதலில் குருத்துச் சுருளுக்குள் தின்னும். அந்தச் சுருள் விரியும்போது இலையின் குறுக்கே வரிசையாக ஓட்டைகள் தெரியும். வேப்பங்கொட்டைக் கரைசலோ வேறெதுவோ, குருத்துக்குள் இறங்குகிற மாதிரி அடிக்க வேண்டியது அப்போதுதான். தவறவிட்டால் புழு தண்டுக்குள் போய்விடும். மூன்று நான்கு வாரம் உள்ளேயே தின்று, வெளியே போக வழியையும் வெட்டி வைத்துவிட்டு, அங்கேயே கூட்டுப்புழுவாகும். அப்புறம் ஒரு வாரம், பத்து நாளில் அந்துப்பூச்சி பறந்துவிடும். காய்ந்த குருத்து இனித் துளிர்க்காது. செலவழித்த காசும் போச்சு, கூடவே புழுவைக் கொல்லும் குளவிகளும் போச்சு.

வெள்ளைக் கூட்டை நசுக்குவது

தண்டைக் கிழிக்கும்போது சில சமயம் கொத்தாக வெள்ளைப் பஞ்சுக் கூடுகள் இருக்கும். அவை பூச்சியின் முட்டை இல்லை. புழுவின் உடம்புக்குள் வளர்ந்து அதைக் கொன்றுவிட்டு வந்த கொட்டீசியா குளவியின் கூடுகள். விட்டுவிடுங்கள்.

பிடுங்கிய இளம்பயிரை மாட்டுக்குப் போடுவது

கூடவே கூடாது. இளஞ்சோளத்தில் சயனைடு நஞ்சு உண்டு, வறட்சியில் வாடிய பயிரில் இன்னும் அதிகம்.

வரப்பை மறப்பது

காட்டுக்குள் ஒரு களை இருக்காது. வரப்பில் மட்டும் ஜான்சன் புல்லும் காட்டுச்சோளமும் ஆளுயரம் நிற்கும். பயிர் இல்லாத காலத்தில் இதே புழு அந்தத் தண்டுகளில்தான் பிழைக்கிறது. அறுத்த பின் நிற்கும் சோளக்கட்டையும் அப்படித்தான்: வளர்ந்த புழு அதற்குள் உறங்கியே வறட்சியைக் கழித்து, மழை விழுந்ததும் கூட்டுப்புழுவாகும். அதனால் அறுத்ததும் கட்டையை உழுது புரட்டுங்கள். வரப்புப் புல்லைப் பூக்கும் முன்பே வேரோடு எடுங்கள். பழைய தட்டுப்போர் மிச்சமிருந்தால், புது விதைப்புக்கு முன் துண்டு துண்டாக வெட்டி மாட்டுக்குப் போட்டுத் தீர்த்துவிடுங்கள்.