கண்மாய்க்குக் கீழே ஊர்: வெள்ளத் தடுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் மேலூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் இளைஞர்கள் தங்கள் வெள்ளத் தடுப்புத் திட்டத்தைக் காட்டினார்கள். கண்மாயின், அதாவது ஊர் ஏரியின், கரையை உயர்த்துவது, உபரி நீர் வெளியேறும் மறுகால் ஓடையின் குறுக்கே குழாய் பதித்துச் சாலை போடுவது. எனக்கு மனம் பதறியது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நானும் இதையேதான் எழுதிக் கொடுத்தேன். தூர்வாருவது, குப்பை அள்ளுவதெல்லாம் எல்லோரும் அறிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

தண்ணீர் போகும் வழியைப் பார்க்காதது

எல்லோரும் வெள்ளம் வரும் திசையையே பார்க்கிறார்கள். கண்மாய் நிறைந்தால், உபரி நீர் வழிவதற்கென்று கட்டிய கலுங்கு வழியே மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போக வேண்டும். அந்த ஓடையை யாரும் நடந்து பார்ப்பதில்லை.

நான் பார்த்தபோது சித்திரை மாதம். ஓடையில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. இரண்டடி விட்டத்தில் இரண்டு சிமெண்ட் குழாய் போதும் என்றேன். கணக்கு எளிது, போடாமல் விட்டேன். பத்தடி அகலம், மூன்றடி ஆழம் என்றால் ஓடையின் வாய் 30 சதுர அடி. இரண்டு குழாயும் சேர்ந்து ஆறேகால் சதுர அடிதான். ஐந்தில் ஒரு பங்கு!

ஐப்பசியில் கலுங்கு பாய்ந்த இரவு, கருவேல முள்ளும் ஆகாயத்தாமரையும் குழாய்களை அடைத்தன. சாலையே அணையாக நின்று, தண்ணீர் திரும்பி வீடுகளுக்குள் ஏறியது. உயர்த்திய கரை அப்படியே இருந்தது. விடிந்ததும் ஒரு பாட்டி, ஊறிப்போன ரேஷன் அரிசியை முறத்தில் பரப்பிச் சேற்றைக் களைந்துகொண்டிருந்தார். கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பாய்ச்சும் ஊர் நீர்ப்பாய்ச்சி என்னை அழைத்துப்போய் கோயில் சுவரில் பழைய வெள்ளக் கறையைத் தொட்டுக் காட்டினார். குழாயின் மேல் விளிம்பைவிட ஒரு முழம் உயரம். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தம்பி" என்றார். இன்றும் அந்தச் சாலையைக் கடக்கும்போது நெஞ்சு எரிகிறது.

குழாய்க்குப் பதில், சதுர வாய் கொண்ட பெட்டிப் பாலம் கட்டுங்கள். பணம் போதவில்லையா, தண்ணீர் மேலேறிப் போகும் தரைப்பாலம் கட்டுங்கள். இரண்டு நாள் பஸ் வராது, வீடுகள் தப்பும். நகரத்துக்கும் இதே கதைதான். மதுரை செல்லூர் கண்மாயின் உபரி நீர் பந்தல்குடி வாய்க்கால் வழியேதான் வைகைக்குப் போயாக வேண்டும். 2024 அக்டோபர் மழையில் செல்லூர்த் தெருக்கள் பட்ட பாடு மதுரைக்காரர்களுக்கு மறந்திருக்காது.

கலுங்கில் மணல் மூட்டை அடுக்குவது

கூடவே கூடாது. கூடுதலாகத் தேங்கும் தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு போகும்.

கீழே உள்ள ஊரைக் கேட்காமல் தொடங்குவது

உங்கள் மறுகால்தான் அவர்களுக்கு வரத்து.

அணை எச்சரிக்கைக்காகக் காத்திருப்பது

வைகை அணையில் 66 அடிக்கு முதல் எச்சரிக்கை, 68.5 அடிக்கு இரண்டாவது, 69 அடிக்கு மூன்றாவது. அது ஆற்றங்கரை ஊர்களுக்கு. உள்ளூர் மழையில் ஒரே இரவில் நிறையும் கண்மாய்க்கு எந்தச் சங்கும் ஊதாது. கலுங்குச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். தண்ணீர் அதைத் தொட்டால் யார் எந்தத் தெருவை எழுப்புவது என்று பெயரோடு எழுதி, புரட்டாசி முடிவதற்குள் ஊர் கூடும் மந்தையில் ஒட்டிவிடுங்கள்.