ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து எழுதுங்கள்

சென்னை தம்புச் செட்டித் தெருவில் உள்ள என் வக்கீல் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பலர் கையோடு ஒரு அக்ரிமென்ட்டைக் கொண்டுவருவார்கள். இணையத்தில் எங்கிருந்தோ எடுத்தது. பதினான்கு பக்கம், "முதல் தரப்பினர் என்ற சொல் அவர்தம் வாரிசுகளையும்" என்று கம்பீரமாகத் தொடங்கும். நியூயார்க் சட்டமே பொருந்தும் என்று முடிந்த ஒன்றையும் பார்த்திருக்கிறேன். கையெழுத்துப் போட்ட இருவருமே அம்பத்தூர்க்காரர்கள். அத்தனை பக்கத்திலும் இல்லாத ஒன்று, என்ன வேலை என்பது. அந்த இடத்தில் "ஷெட்யூல் ஏ-யில் கண்டபடி" என்றிருக்கும். வேலை விவரத்துக்காகக் கடைசியில் இணைக்கும் பக்கம் அது; புரட்டினால் வெற்றுத்தாள்.

நான் அந்தத் தாளில்தான் ஆரம்பிப்பேன். முன்பக்கத்துச் சட்ட வாசகங்களை ஒரு மணி நேரத்தில் எழுதிவிடலாம். சண்டை வருவது அவற்றால் அல்ல; எது வேலையில் சேர்த்தி, எது சேராது, எப்போது முடிந்தது என்பதில்தான்.

ஏசி பராமரிப்பை எடுத்துக்கொள்வோம். மூன்று மாடி அலுவலகம், "ஆண்டுப் பராமரிப்பு" (ஏஎம்சி) என்று ஒரே வரி. ஏப்ரலில் ஒரு மெஷின் குளிர்ச்சி தரவில்லை, கேஸ் நிரப்ப வேண்டும் என்கிறார் மெக்கானிக். "அதுதான் ஏஎம்சி கொடுத்திருக்கிறோமே" என்கிறார் அட்மின். இருவர் சொல்வதும் அவரவர் மனசாட்சிப்படி சரி. ஆகவே ஷெட்யூலில் எத்தனை மெஷின், எந்த மாடி, எத்தனை டன், சீரியல் நம்பர் என்ன என்று எழுதுங்கள். வருடத்துக்கு எத்தனை சர்வீஸ், எந்தெந்த மாதம் என்றும் சொல்லுங்கள். வெட் சர்வீஸ் (தண்ணீர் விட்டுக் கழுவுவது) மார்ச்சுக்குள் முடியாவிட்டால் கத்திரியில் எல்லோரும் ஒரே நாளில் கூப்பிடுவார்கள். புகார் வந்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வர வேண்டும்? வெளிச்சுவரில் தொங்கும் அவுட்டோர் யூனிட்டுக்குச் சாரம் கட்டும் செலவு யாருடையது? அதன் கீழே "இதில் சேராதவை" என்று தனித் தலைப்புப் போடுங்கள்: கம்ப்ரஸர், பிசிபி போர்டு, கேஸ், காப்பர் பைப், வோல்டேஜ் கோளாறால் வரும் பழுது. இந்தப் பட்டியல் முதல் பட்டியலைவிட நீளமாக இருந்தால் உங்கள் டிராஃப்ட் சரியான பாதையில் போகிறது என்று அர்த்தம்.

அடுத்து, வேலை முடிந்தது என்று யார் சொல்வது? சர்வீஸ் ரிப்போர்ட்டில் வாசல் செக்யூரிட்டி கையெழுத்துப் போட்டிருப்பார். ஆறு மாதம் கழித்து "அவருக்கு என்ன அதிகாரம்" என்று அக்கவுன்ட்ஸில் கேட்பார்கள். கையெழுத்திட வேண்டியவரின் பதவியை எழுதுங்கள். அவர் இல்லாத நாளில் எந்த மின்னஞ்சலுக்கு ரிப்போர்ட் அனுப்ப வேண்டும், எத்தனை நாளில் குறை சொல்லாவிட்டால் ஏற்றதாகக் கொள்ளப்படும் என்பதையும் எழுதுங்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கு 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டத்திலேயே இந்த விதி உண்டு: சேவை முடிந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், முடிந்த நாளே ஏற்ற நாள்.

பணம் வர வேண்டிய கெடு அந்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். எழுத்தில் எதுவும் இல்லாவிட்டால் 15 நாள். எழுதியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது. பெரிய கம்பெனிகள் தங்கள் அச்சடித்த படிவத்தில் 90 நாள் என்று போட்டுக்கொடுத்தால், உத்யம் பதிவு (குறு, சிறு நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு) வைத்திருக்கும் சிறு நிறுவனத்திடம் அது நிற்காது. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டும் வட்டி. உத்யம் எண்ணை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். வழக்கு வந்த பிறகு பதிவு செய்துகொண்டு ஓடிவருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சந்தோஷமாகப் பதில் சொல்ல முடிவதில்லை.

தவணைகளை உங்கள் கையில் இருக்கும் விஷயத்தோடு கட்டுங்கள். வெப்சைட் செய்து தருகிறவர்கள் "சைட் லைவ் ஆனதும் 40 சதவீதம்" என்று எழுதிவிடுவார்கள். கிளையன்ட் போட்டோவும் தராமல் விவரமும் தராமல் தீபாவளி, பொங்கல் என்று தள்ளிக்கொண்டே போனால் சைட் எப்படி லைவ் ஆகும்? "டெஸ்ட் லிங்க் அனுப்பிய நாளிலிருந்து 10 நாளில்" என்று எழுதினால் அந்தக் கட்டுப்பாடு உங்களிடம் இருக்கும். எத்தனை தடவை திருத்தம் இலவசம், அதற்கு மேல் மணிக்கு எவ்வளவு என்பதும் இங்கேதான் வர வேண்டும்.

தொகையை எழுதும்போது ஜிஎஸ்டி தனியா, உள்ளடக்கமா என்று சொல்லாமல் விடாதீர்கள். 1,00,000 ரூபாய் தொழில்முறைக் கட்டணம், 18 சதவீத ஜிஎஸ்டி தனி என்றால் பில் 1,18,000. டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) 10 சதவீதத்தை ஜிஎஸ்டி நீங்கலான தொகையில் பிடிப்பார்கள், கைக்கு வருவது 1,08,000. இந்தக் கணக்கை ஷெட்யூலில் ஒரு வரியாகவே போட்டுக்காட்டுவது என் வழக்கம். "பத்தாயிரம் குறைகிறதே" என்ற போன் வராது.

லோகோ, மென்பொருள், எழுத்து வேலை செய்கிறவர்களும் அவர்களிடம் வாங்குகிறவர்களும் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். காசு கொடுத்துவிட்டதாலேயே காப்புரிமை (காப்பிரைட்) வாங்கியவருக்குப் போய்விடாது. சம்பளத்துக்கு வேலை செய்யாத டிசைனர் வரைந்த லோகோ, எழுத்து மூலம் மாற்றித் தரும்வரை அவருடையதே. காசு வாங்கிக்கொண்டு எடுத்துக்கொடுக்கும் புகைப்படம் போன்ற சிலவற்றில் மட்டும் நேர்மாறு. வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் அது எடுக்கச் சொன்னவருடையது. மாற்றித் தரும்போதும், காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். தி.நகர் கடைக்காரர் நாளை சிங்கப்பூரில் கிளை திறக்கிறார் என்றால் அவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. "உலகெங்கும், காப்புரிமைக் காலம் முழுவதும்" என்று கிளையன்ட் கேட்டு வாங்க வேண்டும். "முழுத்தொகையும் வந்து சேர்ந்த நாளில்தான் உரிமை மாறும்" என்று டிசைனர் சேர்க்க வேண்டும். இரண்டும் ஒரே வாக்கியத்தில் சண்டையில்லாமல் அடங்கும்.

மழைக்கும் ஒரு ஷரத்து வேண்டும். போர், கலகம், நிலநடுக்கம் என்று அந்நிய ஊர் வாசகத்தை அப்படியே ஒட்டிவிட்டு, வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் தண்ணீர் நிற்பதைப் பற்றி ஒரு சொல் இல்லாமல் விடுகிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கரன்ட் இல்லை, நெட் இல்லை, டெலிவரி தேதி மட்டும் ஒப்பந்தத்தில் அசையாமல் இருந்தது. கனமழை, வெள்ளம், மின்சாரமும் இணையமும் நிற்பது என்று பெயர் சொல்லி எழுதுங்கள். எத்தனை நாளுக்குள் தகவல் சொல்ல வேண்டும், கெடு எத்தனை நாள் நீளும், ஒரு மாதத்துக்கு மேல் போனால் யார் விலகலாம் என்பது சேர வேண்டும். ஏற்கெனவே முடிந்த வேலைக்கான பணத்துக்கு மழை சாக்கு ஆகாது என்ற வரியையும் மறக்காதீர்கள்.

சில வாக்கியங்கள் பார்க்கப் பயங்கரமாக இருக்கும், நீதிமன்றத்தில் ஒன்றுக்கும் உதவாது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் என் போட்டியாளருக்கு வேலை செய்யக்கூடாது என்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவில் அடிபடும். ஆறு மாதத்தில் வழக்குப் போடாவிட்டால் உரிமை போச்சு என்பது 28-இல் அடிபடும். ஒரு நாள் தாமதத்துக்கு ஒரு லட்சம் அபராதம் என்றால், 74-ஆம் பிரிவின்படி அந்த ஒரு லட்சம் உச்சவரம்புதான். நீதிமன்றம் தருவது நியாயமான இழப்பீடு. நாளுக்கு அரை சதவீதம், மொத்தம் 10 சதவீதத்துக்கு மேல் போகாது என்று நடப்புக்கேற்ற தொகையாக எழுதினால் வழக்கே வராமல் வசூலாகும்.

தகராறு வந்தால் ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்குப் போகாமல் நடுவரிடம் தீர்த்துக்கொள்வது) என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள். இரண்டு லட்ச ரூபாய் வேலைக்கு ஆர்பிட்ரேட்டர் ஃபீஸ் கட்டுவது யார்? சிறு தொகைக்குச் சென்னை நீதிமன்றங்கள் என்று போட்டாலே போதும். பெரிய தொகைக்கு ஆர்பிட்ரேஷன் வைத்தால் இடம் சென்னை என்று குறிப்பிடுங்கள். தனி ஆர்பிட்ரேட்டரைக் கம்பெனியின் எம்டியே நியமிப்பார் என்ற ஷரத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். உச்ச நீதிமன்றம் 2019-இலேயே அந்த வழியை அடைத்துவிட்டது.

ஸ்டாம்ப் பேப்பர் விஷயத்தில் வதந்திகள் அதிகம். 20 ரூபாய்ப் பத்திரக் காலம் 2024 மே மாதத்தோடு போனது, இப்போது 200. குறைவான முத்திரையோடு இருக்கும் ஒப்பந்தத்தைக் கோர்ட்டில் சாட்சியமாகக் காட்ட, விட்டுப்போன தொகையோடு பத்து மடங்குவரை அபராதம் கட்ட நேரலாம். ஆறு மாதம் பழைய பேப்பர் செல்லாது என்பதும் உண்மையில்லை. ஆறு மாதம் என்பது பயன்படுத்தாத பேப்பருக்குப் பணம் திரும்பக் கேட்பதற்கான கெடு; தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றமே இதைத் தெளிவாக்கியது. நோட்டரி சீல் இல்லாவிட்டாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

கையெழுத்துக்கு முன் பெயர்களைச் சரிபாருங்கள். தனி உரிமையாளர் கடை என்றால் கடைப் பெயரில் மட்டும் எழுதாதீர்கள். இன்ன பெயரில் தொழில் நடத்தும் இன்னார் என்று ஆளின் பெயர் வர வேண்டும். பிரைவேட் லிமிடெட் என்றால் கையெழுத்திடுபவருக்கு அதிகாரம் தரும் போர்டு தீர்மானத்தின் நகலைக் கேளுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம். பிற்பாடு வரும் மாற்றங்கள் இந்த இரண்டு மின்னஞ்சல் முகவரிகளுக்குள் எழுதி ஒப்புக்கொண்டால் மட்டுமே செல்லும் என்று சேருங்கள். வாட்ஸப்பில் "ஓகே சார்" என்று வந்ததை நிரூபிக்க, 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். அந்த போனை அதற்குள் எக்ஸ்சேஞ்சில் போட்டிருப்பீர்கள். எல்லாப் பக்கத்திலும், ஷெட்யூலிலும் சேர்த்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு, இரண்டு அசல் எடுத்து ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே ஸ்கேன் செய்து அதே இரண்டு முகவரிகளுக்கும் அனுப்பிவிடுங்கள்.